காதுக்காப்பு இல்லாமல் சுடாமலே திரும்பினோம்: நான் மறுத்தது சரியா?

உப்புவெளி மதி எழுதியது:

வணக்கம். துவக்குச் சுடுதலை விளையாட்டாகப் பழகியவர்கள் இங்கே ஓரிருவர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் வேலைத்தலத்தில் இருந்து ஒரு சிறு கூட்டமாக, முறைப்படி அனுமதி எடுத்து, ஒரு சூட்டுத் திடலுக்குப் போனோம். திருகோணமலையில் இருந்து வானில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். துவக்கும் ரவையும் அங்கேயே தருவார்கள். .22 ரைபிள், அதாவது 0.22 அங்குலச் சிறு ரவை சுடுவது, இலக்கு 50 மீற்றரில். காதுக்கும் கண்ணுக்கும் போடுவதை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதற்காகக் காசு சேர்த்து, ஆளுக்கொரு இயர் மஃப்பும் கண்ணாடியும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பையைக் கொண்டு வரும் பொறுப்பு ஒரு தம்பியிடம் இருந்தது. விடியப்புறம் வான் வந்து ஹோர்ன் அடிக்க, அவர் சோற்றுப் பார்சல்களையும் தண்ணீர்ப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். பை வீட்டு விறாந்தையிலேயே நின்றுவிட்டது. ஹபரணை தாண்டிய பிறகுதான் யாரோ கேட்டார்கள், இயர் மஃப் எங்கே என்று. திரும்பிப் போய் எடுத்து வர நேரம் இல்லை. எங்களுக்குத் தந்திருந்தது காலை நேரம் மட்டும்தான்.

திடலில் பொறுப்பாக நின்றவர் தேடிப் பார்த்து இரண்டு இயர் மஃப் தந்தார். கண்ணாடி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறது, உருட்டி வைப்போம் என்றார் ஒருவர். புறாத்தீவுக்கு நீந்தப் போகும்போது காதில் வைக்கிற சிலிக்கன் அடைப்பு என்னிடம் இருக்கிறது என்றார் இன்னொருவர். பாட்டுக் கேட்கிற இயர்போனைப் போட்டால் போதாதா என்று ஒரு கேள்வி. கண்ணுக்கு வெயில் கண்ணாடி போதும் என்று எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். அனுமதிக் கடிதம் என் பெயரில் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ரவை கூடச் சுடாமல் திரும்பினோம். வான் காசு போனது. இப்போது கந்தோரில் பாதிப் பேர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். அவர் முதலில் இருந்தே இந்தப் பயணத்தை விரும்பவில்லை.

நான் திரும்பவும் போக விரும்புகிறேன். அதனால் கேட்கிறேன். மறுத்தது சரிதானா, இல்லை வேறு வழி இருந்ததா? சூட்டுத் திடலுக்குப் போகும்போது எதை மறந்தால் அங்கேயே சமாளிக்கலாம், எதை மறந்தால் சுடவே கூடாது? விளக்கமாகச் சொன்னால் அவர்களுக்கும் காட்டுவேன்.


நிலாவெளி ரகு எழுதியது:

அக்கா, கோபிக்க வேண்டாம், நீங்கள் கொஞ்சம் கூடப் பயந்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். .22 சின்னத் துவக்கு. எங்கள் அப்பப்பா வயலில் பன்றிக்கு வெடி வைக்கும்போது காதில் என்ன போட்டார்? ஒன்றும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் துருக்கிக்காரர் யூசுப் டிகெச், மற்றவர்கள் எல்லாம் பெரிய கண்ணாடி, பெரிய காதுமூடி என்று நிற்க, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்று சுட்டு வெள்ளி எடுத்தார். உலகமே பார்த்தது. சாமான் இருந்தால்தான் சுடலாம் என்று இல்லையே. ஆளுக்கு ஐந்து ரவை சுட்டுவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் நடந்திராது, வான் காசும் வீணாகியிராது.


சீனன்குடாக்காரன் எழுதியது:

மதித் தங்கச்சி, நீங்கள் மறுத்தது சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தோடு போன இடத்தில் ஒரு ஆள் தனியாக நின்று வேண்டாம் என்று சொல்வது லேசான வேலை இல்லை. நான் எயார் ரைபிளும் .22-ம் கனகாலமாகச் சுடுகிறேன். இப்போது இளம் பிள்ளைகள் சிலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளின் காதும் கண்ணும் என் பொறுப்பில் இருப்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

ரகுத் தம்பிக்கு முதலில். யூசுப் டிகெச்சின் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். அவர் காதில் சின்ன மஞ்சள் அடைப்பு இருக்கிறது. கண்ணில் தன் பார்வைக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் போடாமல் விட்டது குறிபார்க்க உதவும் அந்த விசேட வில்லையும் பெரிய காதுமூடியும் மட்டும்தான். அதோடு அவர் வெள்ளி எடுத்தது 10 மீற்றர் எயார் பிஸ்டல் கலப்பு இரட்டையரில். அது அமுக்கிய காற்றால் சுடுவது, வெடிமருந்து இல்லை. அந்தச் சத்தத்தையும் .22-இன் சத்தத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. காற்றுத் துவக்குக்கே அவர் காதை அடைத்துக்கொண்டுதான் நின்றார்.

.22 சின்னத் துவக்கு என்பது தோளில் விழும் உதைப்புக்குத்தான் பொருந்தும். சுடுகிறவரின் காதடியில் அதன் சத்தம் கிட்டத்தட்ட 140 டெசிபெல் வரை போகும். திடீரென்று வெடிக்கிற சத்தத்துக்குத் தொழில் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் உச்ச எல்லையும் அதே 140 தான். வேட்டைத் துவக்கும் பெரிய ரைபிள்களும் அதற்கும் மேலே, 150, 160 என்று போகும். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. 6 கூடினாலே ஒலியின் அழுத்தம் இரட்டிப்பாகிறது. உங்கள் திடலில் சுடும் இடத்துக்கு மேலே தகரக் கூரையும் கீழே சீமெந்துத் தரையும் இருந்தால், பக்கத்தில் படுத்துச் சுடுகிறவரின் வெடி கூரையில் பட்டுத் திரும்பி உங்கள் காதில்தான் விழும். உங்கள் ரவை ஐந்து என்று கணக்குப் பார்க்கிறீர்கள் தம்பி. வரிசையில் நிற்கிற எல்லோருடைய ரவையையும் உங்கள் காது வாங்குகிறது.

பஞ்சு பெயருக்குத்தான். அது குறைப்பது சொற்பம். நீந்துகிறவர்கள் வைக்கும் சிலிக்கன் அடைப்பு தண்ணீரைத் தடுக்கச் செய்தது, வெடிச் சத்தத்தை இவ்வளவு குறைக்கும் என்று யாரும் சோதித்து எழுதிக் கொடுக்காதது. பாட்டுக் கேட்கும் இயர்போனும் அப்படித்தான். நல்ல பஞ்சணை அடைப்பு, அதுதான் மெத்தை போல அமுங்கி விரிகிற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறச் சாமான், அதன் பெட்டியில் சத்தத்தைக் குறைக்கும் அளவு டெசிபெலில் அச்சிட்டிருக்கும். 30-ஐ ஒட்டிய எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். என்.சி. வீதிப் பக்கம் கட்டடச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள், கல்லு வெட்டுகிறவர்களும் கிரைண்டர் பிடிக்கிறவர்களும் வாங்குகிற சாமான்தான். விலையும் கையைக் கடிக்காது.

இனி, வேறு வழி இருந்ததா என்ற கேள்வி. கண்ணாடி மட்டும் இருந்திருந்தால், இருந்தது. இரண்டு இயர் மஃப்பை வைத்து முறை போட்டிருக்கலாம். ஒன்று சுடுகிறவருக்கு, மற்றது பக்கத்தில் நிற்கிற பொறுப்பாளருக்கு. இரண்டு பேரை ஒரே நேரத்தில் சுடவிட்டுப் பொறுப்பாளரை வெறுங்காதோடு நிற்க வைக்கக் கூடாது, அவரிடம் சொந்தமாக ஒன்று இருந்தால் ஒழிய. மற்றவர்கள் வான் நிற்கிற இடத்துக்கே போய்விட வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாக ஆக ஆக, ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றருக்கும் ஐம்பது மீற்றருக்கும் இடையில் முப்பதுக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே பின்னால் தள்ளி ஒரு மர நிழலில் இருப்பவருக்குப் பயமில்லை. படம் எடுக்கிறேன் என்று சுடுகிறவரின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறவருக்குத்தான் ஆபத்து.

ஆனால் கண்ணாடி ஒன்றுமே இல்லையே. அதனால்தான் திரும்பியது சரி என்கிறேன். .22 ரவையின் கோது, அதாவது மருந்து இருக்கும் வெளி உறை, மெல்லிய பித்தளை. அருமையாகத்தான் நடக்கும், ஆனாலும் அந்தக் கோதின் விளிம்பு வெடித்தால் சூடான வாயுவும் துணுக்கும் பின்னால், முகத்துக்குத்தான் வரும். தானாகக் கோது கழற்றும் துவக்கு என்றால் பக்கத்தில் நிற்கிறவரின் சூடான கோதுகள் உங்கள் பக்கம் பறக்கும். வெயில் கண்ணாடி எது உடையும் எது உடையாது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பொலிகாபனேட் வில்லையாக இருக்க வேண்டும், கண்ணாடியின் சட்டகத்தில் இசட்87 (Z87) என்றோ ஈஎன் 166 (EN 166) என்றோ பாதுகாப்புத் தரக் குறி பொறித்திருக்க வேண்டும். நம்முடைய பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெட்டவெளித் திடலில் புழுதி எழும்பும். விசையில் விரல் வைத்திருக்கும் நேரத்தில் கண்ணில் தூசு விழுந்து ஆள் துள்ளினால் துவக்கின் வாய் எங்கே திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றச் சாமான்களை மறந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இலக்குத் தாளைக் குத்த ஸ்டேப்ளர் இல்லையா, ஒட்டும் நாடா, குண்டூசி, எதுவும் போதும். கீழே விரிக்கப் பாய் இல்லையா, சாக்கு இருக்கிறது. துவக்கைத் தாங்கி வைக்க மணல் மூட்டை இல்லையென்றால் அரிசிப் பையில் மணலைக் கட்டினால் சரி. ஆனால் கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இரும்பைத் தின்றுவிடும். துவக்கில் ரவை இருக்கும் அறை வெறுமையாக இருக்கிறது என்று காட்டச் செருகும் செம்மஞ்சள் கயிறு போட்டிகளில் கட்டாயம். அது இல்லையென்றால் மீன்பிடிக்கிற தடித்த நிறத் தங்கூசியை வெட்டி, குழல் வாயாலும் அறைப் பக்கத்தாலும் தெரிகிற மாதிரிச் செருகலாம். மங்கலான நிறத்தில் மட்டும் எடுக்க வேண்டாம், தூரத்தில் இருந்து கண்ணுக்குப் பட வேண்டும்.

செருப்போடு வந்தவர் சுடாமல் இருக்கட்டும். இது கடுமையாகத் தெரியும், நம் ஊரில் எல்லோரும் செருப்புத்தான். ஆனால் சூடான கோது ஒன்று கால்விரலுக்கு இடையில் விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் துவக்கு இருக்கும். கழுத்து விரிந்த உடுப்பும் அப்படியே. கழுத்து மூடிய சேட்டும் விளிம்புத் தொப்பியும் போடுங்கள். தொப்பி விளிம்பு இருந்தால் கோது கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையில் போய் மாட்டாது.

ஒருவரும் பட்டியலில் எழுதாத ஒரு சாமான் சவர்க்காரம். நீங்கள் சோற்றுப் பார்சல் கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். .22 ரவையின் குண்டு ஈயம், அதைப் பற்ற வைக்கிற மருந்திலும் பொதுவாக ஈயச் சேர்மம் இருக்கும். சுட்டு முடிய விரலிலும் முகத்திலும் அந்தத் தூள் படிந்திருக்கும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிற ஆட்கள். பார்சலை அவிழ்க்கிறதுக்கு முன் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த உடுப்பை மாற்றிவிட்டுத் தூக்குங்கள், உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சவர்க்காரத்தை மறந்தால் சுடலாம், ஆனால் கை கழுவக் கிடைக்கும் வரை சாப்பாட்டைத் தொட வேண்டாம்.

அனுமதிக் கடிதம், எல்லோருடைய அடையாள அட்டை, இரத்தப்போக்கை நிறுத்தத் தடித்த கட்டுத்துணியோடு ஒரு முதலுதவிப் பெட்டி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, அங்கிருந்து கொண்டு வரக் கூடாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்றுக் கோது. இளம் ஆட்கள் ஞாபகத்துக்கு என்று ஒன்றைப் பைக்குள் போடுவார்கள். இங்கே அது விளையாட்டு இல்லை. துவக்கும் ரவையும் 1916-ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகிறவை. உரிமம் உள்ளவர்களே அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பை திறந்து பார்க்கும் ஒரு இடத்தில் ரவைக் கோது ஒன்று உருண்டு விழுந்தால், அது வெறுமையானதா இல்லையா என்று விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டியவர் நீங்கள். உங்கள் அம்மாவுக்கு ஏன் இந்தப் பயணம் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. அவருடைய வயது ஆட்களுக்கு இந்த மாவட்டத்தில் வெடிச் சத்தம் என்றால் 2009-க்கு முந்திய காலம்தான் மனதில் வரும். அதைக் குறை சொல்ல ஏலாது. வான் வெளிக்கிட முன் எல்லோரும் பைகளையும் காற்சட்டைப் பைகளையும் தட்டிப் பார்த்து, காலணியின் அடியையும் பாருங்கள். கோது அங்கேயும் சிக்கும்.


கிண்ணியா நஸ்ரின் எழுதியது:

சீனன்குடா அண்ணா காதைப் பற்றி எழுதியதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் கேட்டல் சோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன்.

ரகுத் தம்பி அப்பப்பாவைச் சொன்னார். அவர் வயதான காலத்தில் டீவியை எவ்வளவு சத்தமாக வைத்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் வருகிறவர்களில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர்களும் இருக்கிறார்கள், யானை விரட்ட வருடக்கணக்காக யானை வெடி கொளுத்தியவர்கள். டைனமைட் போட்டு மீன்பிடித்தவர்கள் சிலரும் வந்திருக்கிறார்கள். சோதனைத் தாளில் கோடு ஒரே மாதிரித்தான் வரும். தாழ்ந்த சுருதிகள் நன்றாகக் கேட்கும், 4000 ஹேர்ட்ஸுக்குக் கிட்டப் போனதும் கோடு பள்ளத்தில் விழும். அதனால்தான் ஆளுக்குத் தன் காது பழுதென்று தெரிவதில்லை. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. கலியாண வீட்டில் நாலு பேர் ஒன்றாகக் கதைக்கும்போது சும்மா தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். வீட்டில் மனைவி முணுமுணுக்கிறாள் என்று சண்டை பிடிப்பார்கள். பிறகு இரவில் காதுக்குள் ஒரு கூவல் தொடங்கும். அந்தக் கூவலுக்குத்தான் கூடுதலான ஆட்கள் அழுதிருக்கிறார்கள், கேளாமைக்கு இல்லை.

உட்காதில் சத்தத்தை உணர்கிற மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. மருந்து இல்லை, ஒப்பரேஷன் இல்லை. மெசினின் சத்தத்தில் வருடக்கணக்காக வேலை செய்து வருகிற சேதத்தை, ஒரே ஒரு பெரிய வெடியும் செய்யலாம். ஐந்து ரவையால் ஒன்றும் வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒருவருக்கு வராது, பக்கத்தில் நின்றவருக்கு வரும். எங்களுக்கு முன்கூட்டிப் பார்த்துச் சொல்லத் தெரியாது.

மதி தங்கச்சி, உங்கள் கந்தோர் ஆட்களுக்கு இதைக் காட்டுங்கள். சுட்ட பிறகு காது இரைந்தாலோ மந்தமாகக் கேட்டாலோ, போய்விடும் என்று வீட்டில் இருக்க வேண்டாம். அன்றைக்கோ அடுத்த நாளோ வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள்.


நிலாவெளி ரகு எழுதியது:

அப்பப்பா விடயம் உண்மைதான் ராத்தா. அவருக்குக் கடைசிக் காலத்தில் கத்திச் சொன்னால்தான் கேட்கும். வயது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டிகெச் காதில் அடைப்பு இருந்ததையும் இப்போதுதான் பார்த்தேன். சரி, சுடாமல் வந்தது சரி. ஆனால் அண்ணா, இவ்வளவு சாமானையும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் கொண்டு போவது எப்படி? பை தூக்குகிறவர் திரும்பவும் மறந்தால்?


சீனன்குடாக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. என் எண்ணம் இதுதான். காதுக்காப்பையும் கண்ணாடியையும் பொதுப் பையில் போடவே கூடாது. அந்தத் தம்பியில் நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருடைய காதையும் கண்ணையும் ஒரு ஆளின் கையில் கொடுத்தால், அந்த ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலும் பயணம் முடிந்தது. சாக்கு, இலக்குத் தாள், தண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் பொது. காதும் கண்ணும் அவரவர் உடம்பு, அவரவர்தான் கொண்டு வர வேண்டும். முதல் நாள் இரவே ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். காலையில் இயர் மஃப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து வானில் ஏறட்டும். கழுத்தில் இல்லாத ஆளை ஏறும்போதே கண்டுவிடலாம், உப்புவெளியிலேயே திரும்பிப் போய் எடுக்கலாம்.

அதற்கு மேல், பஞ்சணை அடைப்பு ஒரு பெட்டி வாங்கி வான் சாரதியிடம் கொடுத்து முன் லாச்சிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மலிவான பாதுகாப்புக் கண்ணாடியிலும் ஒன்றிரண்டு சோடி சேர்த்து வையுங்கள். வான் வராமல் நீங்கள் போகப் போவதில்லை, ஆகவே அது தவறாது. ஆனால் அடைப்பை நாள்கணக்காக வெயிலில் விட வேண்டாம், காய்ந்து இறுகிப் போகும். பயணத்துக்கு முன் ஒன்றை உருட்டிப் பாருங்கள், மெதுவாகத் திரும்பி விரிய வேண்டும்.


உப்புவெளி மதி எழுதியது:

அண்ணா, ராத்தா, ரகு, எல்லோருக்கும் நன்றி. அச்செடுத்துக் கந்தோரில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பை மறந்த தம்பிதான் முதலில் எடுத்து வாசித்தார், பாவம், அவர்தான் கூட மனம் நொந்து போயிருந்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். புதிய திகதிக்குக் கடிதம் கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்களில் ஒருவருக்குப் பார்வைக் கண்ணாடி இல்லாமல் இலக்கே தெரியாது, அவர் அதற்கு மேல் எதைப் போடுவது? மற்றது, எங்களோடு வருகிற இரண்டு பேர் ஹிஜாப் போடுகிறவர்கள். துணிக்கு மேலே இயர் மஃப் போட்டால் போதுமா?


சீனன்குடாக்காரன் எழுதியது:

பார்வைக் கண்ணாடிக்கு மேலே போடக்கூடிய அகன்ற பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது, வெல்டிங் கடைக்காரர் போடுகிற தெளிந்த கண்ணாடி போல. அதையே வாங்குங்கள். வாங்கும்போது அவரையும் கூட்டிப் போய், தன் கண்ணாடியோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணாடியும் சேர்ந்தால் நம் புழுக்கத்தில் ஆவி படியும். முதல் நாள் ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் தடவிக் காயவிட்டு மெல்லிய துணியால் துடைத்தால் கொஞ்சம் குறையும். ஏசி வானில் இருந்து இறங்கிய உடனே சுடப் போக வேண்டாம், கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வரும் வரை பத்து நிமிடம் பொறுங்கள். ஆவி படிந்தால் துவக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், கையில் வைத்துக்கொண்டு அல்ல.


கிண்ணியா நஸ்ரின் எழுதியது:

நானும் ஹிஜாப் போடுகிறவள்தான், அதனால் சொல்கிறேன். துணிக்கு மேலே மஃப் போட்டால் மஃப்பின் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் காற்று புகும், சத்தமும் புகும். கொத்தான தலைமயிருக்கும் தடித்த கண்ணாடிக் காம்புக்கும் இதே கதைதான், பார்வைக் கண்ணாடி போடுகிறவரும் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு நல்லது, முதலில் காதுக்குள் பஞ்சணை அடைப்பு, அதற்கு மேல் ஹிஜாப், விரும்பினால் அதற்கும் மேல் மஃப். இரண்டும் சேர்ந்தால் இரண்டின் எண்ணும் கூடிவிடாது, ஏதோ ஐந்து டெசிபெல் அளவில்தான் மேலதிகமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போனால் மற்றது காக்கும்.

அடைப்பை வைக்கும் முறை முக்கியம், பெரும்பாலான ஆட்கள் நுனியை மட்டும் செருகிவிட்டு வைத்துவிட்டேன் என்று சொல்வார்கள். கையைக் கழுவிவிட்டு, அடைப்பை மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலால் கொண்டு வந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், காதுத் துவாரம் நேராகும். அப்போது அடைப்பைத் தள்ளி, அது விரியும் வரை, ஒரு முப்பது வினாடி, விரலால் பிடித்திருங்கள். பிறகு உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் இருந்து கேட்பது போல இருந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். முன்னால் நிற்கிறவர் பார்க்கும்போது அடைப்பின் பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். ஹிஜாப் போட்ட பிறகு மற்றவரால் பார்க்க முடியாது, ஆகவே அந்த இரண்டு பேரும் வீட்டிலேயே கண்ணாடிக்கு முன் நின்று பழகிவிட்டு வரட்டும். வேண்டுமென்றால் பயணத்துக்கு முந்திய கிழமை பின்னேரம் ஒன்றில் இருவரையும் கிண்ணியாவுக்கு அனுப்புங்கள், நான் வைத்துக் காட்டுகிறேன்.